சுலோவாக்கிய மொழியில் ஒப்பீட்டுப் பெயரடைகள்

ஒரு பொருளின் பண்பை மற்றொன்றன் பண்போடு உறழ்ந்து கூறவேண்டிய தேவை எல்லா மொழியினர்க்கும் உண்டு. ஆயின், அவ்வுறழ்ச்சியை வாக்கியத்தின் எவ்வுறுப்புத் தாங்குகின்றது என்பதில் மொழிகள் வேறுபடுகின்றன. தமிழில் ‘விட’, ‘இன்’ முதலியவற்றைப் பெயரோடு சேர்க்கின்றோம். பண்புணர்த்தும் அடை திரிபடைவதில்லை. பெயரடையோடு ஒப்பீட்டு விகுதி சேர்க்கும் இந்தோ-ஐரோப்பிய முறை திராவிட மொழிகளில் இல்லையென்பதை, 1856 ஆம் ஆண்டு வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்திற் கால்டுவெல் சுட்டினார். இவ்வின்மை ஒரு குறைபோலத் தோன்றலாம். அது குறைதானா என அறிய, அவ்விகுதி நன்கு வழங்கும் சுலோவாக்கிய மொழியை நோக்குவாம்.

சுலோவாக்கிய மொழி, செக், போலிய மொழிகளைப் போன்று, மேற்குச் சிலாவியக் கிளையைச் சேர்ந்தது; 1993 ஆம் ஆண்டு தனிநாடாகிய சுலோவாக்கியாவின் ஆட்சிமொழி. 1843 ஆம் ஆண்டில் லுதொவீத் ஷ்தூரும் அவர்தம் தோழரும் மத்திய சுலோவாக்கியக் கிளைமொழிகளை அடிப்படையாகக் கொண்டு எழுத்துமொழியை வகுக்க முடிவுசெய்தனர். இன்றைய எழுத்துமொழி அவ்வழி வந்ததே. இனி வரும் எடுத்துக்காட்டுகளில் அம்மொழியின் ஒலிகளைத் தமிழெழுத்தில் இயன்றவளவு காட்டுகின்றோம்.

ஒப்பீட்டு விகுதிகள் இரண்டு: ‘ஷீ’, ‘எய்ஷீ’. அடி ஒற்றைமெய்யில் முடியுமாயின் பெரும்பாலும் ‘ஷீ’ சேரும். ‘ஸ்தரீ’ (மூத்த, பழைய) ‘ஸ்தர்ஷீ’ எனவும், ‘ஸ்லபீ’ (நலிந்த) ‘ஸ்லப்ஷீ’ எனவும் வரும். அடியின் ஈற்றில் மெய்கள் இணைந்து நிற்குமாயின் ‘எய்ஷீ’ சேர்வதே பெருவழக்கு. ‘தெப்லீ’ (வெப்பமான) ‘தெப்லெய்ஷீ’ ஆகும். ‘மூத்ரி’ (அறிவுள்ள) ‘மூத்ரெய்ஷீ’ ஆகும். இரு மெய்களை அடுத்து ‘ஷ’கரமும் வருமாயின் ஒலித்தல் அரிதாகும், இடையில் வரும் உயிர் அவ்வருமையை நீக்குகின்றது. விலக்குகள் சில உளவேனும், விகுதித் தெரிவுக்கு ஒலியே முதன்மையான காரணம் என்பது தெளிவு.

சில பெயரடைகளில் ‘க்’, ‘ஒக்’ ஆகிய அடியீறுகள் விகுதியின்முன் கெடும். ‘ஷிரொக்கீ’ (அகன்ற) ‘ஷிர்ஷீ’ ஆகும். ‘விஸொக்கீ’ (உயர்ந்த) என்பதில் ஈறு கெட்டபின் எஞ்சும் ஸகரம் ஷகரமாகத் திரிந்து ‘விஷ்ஷீ’ ஆகும். ‘ஊஸ்கி’ (ஒடுங்கிய) என்பது ‘உஷ்ஷீ’ என வருகையில் முதனெடில் குறுகுகின்றது; ‘பியெலி’ (வெள்ளை) என்பதன் ஈருயிரும் அவ்வாறே குறுகி ‘பெல்ஷீ’ ஆகின்றது. ஒரு சொல்லில் இரு நெட்டசைகள் அடுத்தடுத்து நில்லா என்னும் சந்த விதி சுலோவாக்கிய எழுத்துமொழிக்குரிய சிறப்பியல்பு. நெடிலுடைய ‘ஷீ’யின்முன் அடி குறுகுதல் அவ்விதியோடு இசைகின்றது. ‘மூத்ரெய்ஷீ’ என்பதில் இடையிற் குற்றசை நிற்றலின் முதனெடில் குறுகாமை காண்க.

நாள்தோறும் வழங்கும் சொற்கள் சில விதிக்கு அடங்கா. ‘தொப்ரீ’ (நல்ல) ‘லெப்ஷீ’ எனவும், ‘ஸ்லீ’ (தீய) ‘ஹொர்ஷீ’ எனவும், ‘மலீ’ (சிறிய) ‘மென்ஷீ’ எனவும், ‘பெக்னீ’ (அழகிய) ‘க்ரய்ஷீ’ எனவும் வரும். மிகுதியாக வழங்குதலின் இவை தனித்தனியே மனத்திற் பதிந்து நிலைத்தன எனலாம்.

ஒப்பீட்டு வடிவத்தின் முன் ‘நய்’ சேரின் உச்சநிலை பிறக்கும்: ‘நய்ஸ்தர்ஷீ’ (யாவரினும் மூத்த). ஒப்பீட்டு வடிவமும் பால், எண், வேற்றுமைகளுக்கேற்பத் திரியும்: ஆண்பாலில் ‘ஸ்தர்ஷீ’, பெண்பாலில் ‘ஸ்தர்ஷியா’, அலிப்பாலில் ‘ஸ்தர்ஷியே’.

எதனின் மிக்கது என்பதை மட்டும் இவ்விகுதி உணர்த்தாது. அதனை உணர்த்த இரு வழிகள் உள. ‘பெத்தெர் யெ ஸ்தர்ஷீ அக்கொ யான்’ என்பதில் ‘அக்கொ’ என்னும் இடைச்சொல்லின்பின் பெயர் எழுவாய் வடிவில் நிற்கின்றது. ‘பெத்தெர் யெ ஸ்தர்ஷீ ஒத் யானா’ என்பதில் ‘ஒத்’ என்னும் முன்னிடைச்சொல் ‘யான்’ என்னும் பெயரை ஆறாம் வேற்றுமையாகிய ‘யானா’ ஆக்குகின்றது. ‘ஒத்’ என்பதன் அடிப்படைப் பொருள் ‘இலிருந்து’ என்னும் நீக்கமாகும். எனவே, இரண்டாம் வழி, ‘யானின் மூத்தவன் பெத்தெர்’ என்று நாம் ஐந்தாம் வேற்றுமையாற் கூறுவதற்கு மிக அணித்தானது. நன்னூலாரும் நீங்கல், ஒப்பு, எல்லை ஆகியவற்றை அவ்வேற்றுமைக்கே உரியவாக ஒருங்கு வைத்தார்.

எனவே, ஒப்பிடப்படும் இரு பொருள்களும் வெளிப்பட நிற்கையில், சுலோவாக்கியம் அடையிலும் பெயரின் பக்கத்திலுமாக உறழ்ச்சியை இருமுறை குறிக்கின்றது. தமிழ் ஒருமுறை குறித்து அமைகின்றது. அவற்றுள் ஒன்று வெளிப்படாவிடத்து, சுலோவாக்கியத்திற்கு ‘ஸ்தர்ஷீ’ என்னும் ஒரு சொல்லே போதும். நாமோ ‘இன்னும்’, ‘கூடுதலாக’ முதலிய சொற்களின் துணையை நாடுகின்றோம். ஒன்றன் சுருக்கம் ஓரிடத்தும் மற்றதன் சுருக்கம் வேறிடத்தும் அமைந்துள்ளமையால், விகுதியின்மையைத் தமிழின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது.