காய்ச்சல் தணிந்த பின்னும்: சிக்குன்குனியாவும் நாள்பட்ட களைப்பும்

1964ஆம் ஆண்டு சென்னையிலும் வேலூரிலும் பரவிய சிக்குன்குனியா, 2006ஆம் ஆண்டு தமிழகத்தில் மீண்டும் தலைதூக்கியது. ஏடிசு கொசு பரப்பும் இத்தீநுண்மிக் காய்ச்சல் சில நாள்களில் தணியினும், மூட்டுவலியும் களைப்பும் சிலரிடம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கிலும்கூட நீடிக்கின்றன. அக்களைப்பு ஆறு மாதங்களைக் கடந்தும் அன்றாடச் செயல்களை முடக்கி, உறங்கியும் தீராமல், சிறு உழைப்பிற்குப் பின்னரும் மிகுமாயின், நாள்பட்ட களைப்பு நோய்த்தொகுதி என ஐயுற இடமுண்டு. அதனை உறுதிசெய்யும் குருதிச் சோதனை எதுவும் இன்றளவும் இல்லை.

நெமிலி வட்டார வயல்களிலும் இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் நாட்கூலிக்கு உழைப்போர்க்கு இவ்வின்மை பெருஞ்சுமையாகும். சோதனையில் குறை தென்படாதவர் எளிதில் ‘சோம்பேறி’ எனப் பெயர் பெறுவார். சோம்பல் என்பது உழைக்க விரும்பாமை. இந்நோயரோ விரும்பி உழைத்து, மறுநாள் எழ இயலாது கிடப்பவர். ‘அசதி’ என்னும் வழக்குச்சொல்லும் பெரும்பாலும் ஓய்வால் தீரும் களைப்பையே சுட்டுகிறது. ஆதலின், வேலைக்குச் சென்ற மறுநாள் உடல்நிலை எவ்வாறிருந்தது என மருத்துவர் வினவுதல் பயன்தரும். களைப்பாக உள்ளதா என்னும் வழக்கமான வினாவில் இவ்வேறுபாடு வெளிப்படுவதில்லை.