யானை மீது மோதினால் ரயிலின் வேகம் எவ்வளவு குறையும்? பிளஸ் ஒன் கணக்கு சொல்லும் பதில்

2021 நவம்பர் 26 இரவு. கோவை மதுக்கரையை அடுத்த நவக்கரை அருகே, மங்களூரு – சென்னை எக்ஸ்பிரஸ் மோதி 3 யானைகள் உயிரிழந்தன. 'அவ்வளவு பெரிய யானை குறுக்கே நின்னா, ரயில் வேகம் குறையாதா?' என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உந்தம் மாறாது

நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். மோதும் அந்தக் கணத்தில் வெளிவிசை பெரிதாக இல்லையென்றால், மோதலுக்கு முன்பும் பின்பும் மொத்த உந்தம் ஒன்றே. மோதிய இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால், அது 'முழு மீட்சியற்ற மோதல்'.

கணக்கு இதுதான்

ரயில் 1,000 டன், வேகம் மணிக்கு 60 கி.மீ. நிற்கும் யானை 4 டன் என்று வைத்துக்கொள்வோம்.

மோதலுக்கு முன்: 1,000 × 60 = 60,000
மோதலுக்குப் பின்: 1,004 × புதிய வேகம்
புதிய வேகம் = 60,000 ÷ 1,004 = 59.76 கி.மீ.

ரயிலுக்குக் குறைவது கால் கி.மீ. கூட இல்லை. ஆனால் நின்றிருந்த யானை, கண் இமைக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 60 கி.மீ. வேகத்துக்குத் தள்ளப்படுகிறது. சுமார் 14 மீட்டர், அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம்.

நிஜத்தில் யானை பக்கவாட்டில் தூக்கி வீசப்படலாம்; எண்கள் மாறும். ஆனாலும் அடி முழுக்க யானைக்குத்தான்.

ஆற்றல் எங்கே போச்சு?

உந்தம் மாறாவிட்டாலும் இயக்க ஆற்றல் குறையும். இந்தக் கணக்கில் ரயிலின் இயக்க ஆற்றலில் வெறும் 0.4 சதவீதம்தான் நசுக்கலாகவும் வெப்பமாகவும் ஒலியாகவும் மாறுகிறது. ரயிலுக்கு அது சில்லறை. யானைக்கோ உயிர்.

அப்போ என்னதான் வழி?

வேகத்தைப் பாதியாக்கினால் இந்தச் சேத ஆற்றல் கால் பங்காகும். விழும் உயரம் 14 மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டராகும். 4 டன் உடம்புக்கு அதுவும் ஆபத்துதான். ஆக, மோதலே நடக்காமல் தடுப்பதுதான் தீர்வு.

அதற்காகத்தான் மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் ஏஐ கண்காணிப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களில் கேமராக்கள். யானை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை போகும். மோதிய பிறகு மாற்ற முடியாத கணக்கை, மோதும் முன்பே நிறுத்தும் முயற்சி இது.