ஹாலிஃபாக்ஸ் வெட்டுப்பொறிச் சட்டம்: 1708-இல் அச்சான நூல்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ஹாலிஃபாக்ஸில், 13½ பென்ஸோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள பொருளுடன் கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனின் தலையை, இரு மரத்தூண்களுக்கு நடுவே விழும் கோடரி துண்டித்தது. அந்த வழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறது இந்நூல். வில்லியம் பெண்ட்லியின் பெயரில் வந்தாலும், எழுதியவர் கடனுக்காகச் சிறைப்பட்ட சாமுவேல் மிட்ஜ்லி என்பர். கடனாளி ஒருவர் சொத்துக் காவலைப் புகழ்ந்தது விந்தைதான்!

கடைசித் தண்டனைக்கு 58 ஆண்டுகள் கழித்து வந்த, ஒருபக்கம் சாய்ந்த நூலை நம்பலாமா? புகழுரையைத் தள்ளிவிட்டு, அதில் வரும் 1650-ஆம் ஆண்டின் கடைசி வழக்கைப் பாருங்கள். களவுபோனவை 16 கெஜம் செம்பழுப்புக் கெர்சிக் கம்பளித் துணி, இரண்டு குதிரைகள். விசாரித்தவர்கள் சுற்றுப்புறத்து நான்கு ஊர்களைச் சேர்ந்த 16 பேர். நெய்த துணியைத் திறந்தவெளியில் மரச்சட்டங்களில் இழுத்துக்கட்டி உலர்த்திய ஊர் ஹாலிஃபாக்ஸ். திருட்டுக்கு அஞ்சியவர்கள் துணிக்காரர்கள். துணி வணிகம் பெருகுமுன்பே, 1286-லேயே இங்குத் தலை விழுந்ததே என்று மறுக்கலாம். உண்மை, ஆனால் சட்டம் பிறந்த காரணம் வேறு, பிற ஊர்களில் வழக்கொழிந்தபின்னும் இங்கே நிலைத்த காரணம் வேறு. பிந்தையதற்குத் துணிதான் பொருத்தமான விடை.

கோடரியின் அலகு ஹாலிஃபாக்ஸ் பாங்க்ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.