நீரிழிவு: கிரேக்கப் பெயர் தரும் எச்சரிக்கை

மூங்கில்துறைப்பட்டில் ‘சர்க்கரை’ என்றால் இரண்டு பொருள். ஒன்று அங்குள்ள கூட்டுறவு ஆலையில் கரும்பிலிருந்து தயாராவது; மற்றொன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது. ஆனால் அந்த நோயின் ஆங்கிலப் பெயரான ‘டயாபடீஸ்’ என்ற சொல்லில் சர்க்கரையே இல்லை.

அது கிரேக்கச் சொல். ‘கடந்து செல்வது’ என்று பொருள். சைபன் குழாய்க்கும் கிரேக்கர்கள் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். கேனில் டியூபைப் போட்டு டீசலை ஒருமுறை இழுத்துவிட்டால், பிறகு தானாகவே ஓடிக்கொண்டிருக்குமே, அதுதான். குடித்த நீர் உடலில் தங்காமல் சிறுநீராக ஓடுவதையும், தாகம் தீராமல் சதை கரைவதையும் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே அரிட்டேயஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்தார்.

அரபு மருத்துவர்கள் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் இந்நோயை விவரித்தார். அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231) இதற்கென்றே தனி நூல் எழுதினார். யூனானி மருத்துவத்தில் இன்றும் இது ‘ஸியாபீதஸ்’தான். (யூனானி என்பதற்கே ‘கிரேக்க’ என்றுதான் பொருள்.) பின்னால் வரும் ‘மெலிட்டஸ்’ லத்தீன், தேன்போல் இனிப்பது என்று பொருள். அது வெகுகாலம் கழித்து ஒட்டிக்கொண்டது.

தமிழின் ‘நீரிழிவு’ம் கிரேக்கர் கண்டதையே சொல்கிறது. இழிதல் என்றால் இறங்குதல். நீர் இறங்கிப் போகும் நோய். ‘சர்க்கரை’ என்ற பெயரைவிட இதுவே நமக்கு உதவும் என்பேன். சர்க்கரை என்றதும் பலர், டீயில் இனிப்பை நிறுத்தினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதை முழுவதும் தடுத்து நிறுத்த முடிவதில்லை. வெளியேறும் சர்க்கரை தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அத்தா இரவில் நான்கு முறை எழுந்து போவதை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள், பரிசோதித்துப் பாருங்கள்.

ரமளானில் இது இன்னும் முக்கியம். நீர் ஓடிக்கொண்டிருக்கும் உடல், பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் தாங்காது. நோயாளி வேறு நாள்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான் (அல்குர்ஆன் 2:184). நோற்க விரும்புவோர் ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி, மாத்திரை, இன்சுலின் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் கூறுகிறார்கள்.