கொடை இரவும் விடியற்காலைத் தடிப்பும்

சேரன்மகாதேவி வட்டாரத்துக் கொடை விழாக்களில் நள்ளிரவுப் பூசை முடிந்து, கிடாய்க் கறி வெந்து, பந்தி விரியும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடுவது வழக்கம். உண்டு களைத்துப் படுத்தவர்களுள் ஒருவர் ஐந்து மணியளவில் உள்ளங்கை அரிப்பெடுத்து விழித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் உடலெங்கும் தடிப்பு, உதட்டு வீக்கம், வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, தலைசுற்றல். கடைசியாகக் குடித்த மோரைச் சிலர் குறை சொல்வர். வீட்டுப் பெரியவர்களோ, சுடலைமாடனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அஞ்சுவர். நான்கு மணி நேரத்துக்கு முன் உண்ட கறியை எவரும் ஐயுறுவதில்லை. சிறுவயது முதல் உண்டு பழகிய கறி அது. உடன் உண்ட நூறு பேருக்கும் ஒன்றும் நேரவில்லை.

இத்தகைய நோயாளியிடம் நாங்கள் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே: ஆறு மணி நேரத்துக்கு முன்பு வரை என்னென்ன உண்டீர்கள்? இறால், வேர்க்கடலை போன்றவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். சிவப்பு இறைச்சி ஒவ்வாமை பொதுவாக இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்தே தலைகாட்டும். இந்த இடைவெளிதான் நோயைப் பல ஆண்டுகள் மறைத்து வைக்கிறது. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு 1,500 மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டபோது, நூற்றுக்கு 42 பேர் இந்நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றனர். ஆகவே நோயாளி தாமே இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

காரணம் ஒரு சர்க்கரை மூலக்கூறு. ஆல்பா-கால் என்பது அதன் பெயர். ஆடு, மாடு, எருமை, பன்றி, முயல் ஆகியவற்றின் உடலில் அது உண்டு. மனிதருக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் இல்லை. கோழியிலும் மீனிலும் இல்லை. சிலவகை உண்ணிகள் கடிக்கும்போது அவற்றின் உமிழ்நீர் வழியே இம்மூலக்கூறு நம் தோலுக்குள் நுழைகிறது. உடல் அதைப் பகையெனக் கொண்டு எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அதன் பின்னர் உண்ணும் கறி, அதிலும் கொழுப்பு மிகுந்த கறி, மெல்லச் செரித்து இரத்தத்தில் கலக்கையில் ஒவ்வாமை வெடிக்கிறது.

இதைக் கண்டறிந்த கதையும் சுவையானது. செடக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்தை ஏற்றியபோது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் மட்டும் பலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. அம்மருந்திலுள்ள ஆல்பா-காலே காரணம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரையே மலையேற்றத்தின்போது உண்ணிகள் கடித்திருந்தன; சில மாதங்கள் கழித்து ஆட்டுக்கறி உண்ட இரவில், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின், அவர் உடலெங்கும் தடித்தது. ஆய்வாளரே நோயாளியாகவும் ஆனார். ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஷெரில் வான் நுனென் என்ற மருத்துவர், தம்மிடம் வந்த இறைச்சி ஒவ்வாமை நோயாளிகள் பலரும் உண்ணிக் கடிபட்டவர்கள் என்பதைக் கவனித்து எழுதினார்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் பகுதியில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வழங்கப்படுவது வேறு நோய். அது கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு பூச்சியின் இளம்புழுவால் பரவும் தொற்று. நாங்கள் இங்கே பேசுவது ஆடு, மாடு, நாய் ஆகியவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணியைப் பற்றி.

நோய் உறுதியானபின் அன்றாட வாழ்க்கை எப்படி? ஆல்பா-காலுக்கு எதிரான எதிர்ப்பொருளை இரத்தப் பரிசோதனை காட்டும். ஆயினும் அந்த எண் மட்டும் நோயன்று, உண்டபின் நேர்ந்ததையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். உறுதியானால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி மூன்றும் விலக்கு. ஈரல், குடல், ஆட்டுக்கால் சூப்பு ஆகியவையும் அவ்வாறே. உறுப்புகளுள் சிறுநீரகம் மிகக் கொடியது. அது விரைந்தும் தாக்கும். நாட்டுக்கோழி, முட்டை, மீன், சொதி எல்லாம் தாராளமாக உண்ணலாம். பால், தயிர், நெய் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. ஆகவே திருநெல்வேலி அல்வாவை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. தீவிர நோயுள்ள சிலருக்கு மட்டுமே பாலும் ஒவ்வாது.

இடர் வருவது கண்ணுக்குத் தெரியும் கறியால் அன்று. பிரியாணியில் துண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் உண்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கறியின் கொழுப்பு முழுவதும் அந்தச் சோற்றில்தான் இறங்கியிருக்கிறது. இரவுக் கடைப் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவும் அப்படியே. கோழிச் சால்னா என்று கேட்டு வாங்கினாலும், எலும்பு கொதித்த அண்டாவின் கரண்டி அதற்குள் போய்வந்திருக்கலாம். வீட்டில் கறி சமைக்கும் நாளில் இவருக்கெனத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்துக்கொள்வது நல்லது. கறி பொரித்த எண்ணெயில் மீன் பொரிக்க வேண்டாம்.

உணவைவிடக் கடினமானது மறுப்பது. கொடையில் படைப்பை உண்ணாமலிருப்பது சாமியை மறுப்பதாகவும், சம்பந்தி வீட்டு விருந்தில் கறியை ஒதுக்குவது அவமதிப்பாகவும் கொள்ளப்படும் ஊர் இது. படைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவர் இலைக்கு நகர்த்துங்கள். விருந்து வீட்டாரிடம் முன்னதாகச் சொல்ல வேண்டியவர் நோயாளி அல்லர். உடன் செல்லும் மனைவியோ கணவரோ மைத்துனரோ சொன்னால், வற்புறுத்தல் பாதியாகக் குறையும்.

மருத்துவமனையிலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஜெலட்டின் உறையிட்ட மாத்திரைகள், பன்றிக்குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரின், விலங்குத் திசுவால் ஆன இதய வால்வு, இரத்த அழுத்தம் தாழும்போது ஏற்றப்படும் ஜெலட்டின் திரவம் ஆகியவற்றில் சிலருக்கு இடர் உண்டு. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து குதிரை இரத்தத்திலிருந்து தயாராகிறது. வயலில் இறங்கும் நோயாளிகள் இதைக் கருத்தில் கொள்க: ஒவ்வாமை உண்டென்று சொல்லுங்கள், ஆனால் அந்த ஊசி வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். மருத்துவர் முன்னேற்பாட்டுடன் கொடுப்பார்.

வெறும் தடிப்பு மட்டுமெனில், எழுதித் தந்த ஒவ்வாமை மாத்திரை போதலாம். மூச்சுத்திணறல், குரல் கம்முதல், மயக்கம், அல்லது தடிப்புடன் கடும் வாந்தி வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திராதீர்கள். அப்போது உயிர் காக்கும் மருந்து தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசிதான். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி 108-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்கவைப்பது தீது. மது, கடும் உழைப்பு, சில வலிமாத்திரைகள் ஆகியவை ஒவ்வாமையைக் கூர்மையாக்கும். கொடை இரவில் முதல் இரண்டும் சேர்ந்தே வருவதை நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனி உண்ணிக்கு வருவோம். புதிய கடி ஒவ்வொன்றும் எதிர்ப்பொருளை மீண்டும் உயர்த்தும். தொழுவத்தில் வேலை செய்த பின்னும், ஆடு மேய்த்துத் திரும்பிய பின்னும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் காட்டில் தங்கி வந்த பின்னும் அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம், காதோரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியின் மீது மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பீடி நெருப்பு வைப்பதும் கூடா. நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுத்து, சோப்பால் கழுவுங்கள்.

கடியின்றிக் காலம் கழிந்தால் எதிர்ப்பொருள் பலருக்குப் படிப்படியாகக் குறைகிறது. சில ஆண்டுகளில் மீண்டும் கறி உண்ணத் தொடங்கியவர்களும் உண்டு. இந்த ஆண்டு சிறிது உண்டு பார்க்கலாமா என்று கேட்போருக்கு எங்கள் மறுமொழி: முதலில் இரத்தத்தைப் பரிசோதிப்போம். அளவு போதிய அளவு குறைந்திருந்தால், ஒரு காலைப்பொழுதில் மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்து சிறிதளவு உண்டு, மாலை வரை எங்கள் கண்பார்வையில் இருங்கள். கொடைப் பந்தியில் அந்தச் சோதனை வேண்டாம்.