இறுவட்டில் இருக்கும் குடும்ப நினைவுகளைக் காப்போம்
லினக்ஸ் கணனியில் பிரதி எடுக்கும் வழிகள்

ஊரிலிருந்து புறப்படும்போது உடுப்புகளுக்கும் பத்திரங்களுக்கும் இடையில் எம்மவர் பலர் பத்திரமாகக் கொண்டுவந்த பொருள்களில் ஒன்று இறுவட்டு. அக்காவின் கலியாணம், தங்கையின் சாமத்தியவீடு, அம்மம்மாவின் குரல், இன்று இல்லாமற் போன வீட்டு முற்றம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட வட்டுகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேலாகிவிட்டது. கணனியில் எழுதும் சிடி-ஆர் வட்டில் தகவல்கள் ஒரு மெல்லிய சாயப் படையிலேயே பதிகின்றன. வெயில், சூடு, ஈரம் மூன்றும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். ஆகவே ஒரே ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பவர்கள் இனியும் தாமதிக்கக் கூடாது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. யாராவது ஒதுக்கிவிட்ட பழைய கணனியே போதும். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிவைத்த லினக்ஸை எவரும் பணமின்றிப் பெறலாம். உபுண்டு, மின்ற் போன்றவை அதன் வகைகளே.

இயக்கி வேலைசெய்ய

முதலில் உங்கள் இயக்கி எழுதக்கூடியதா என்று பாருங்கள். சிடி-ரொம் என்று மட்டும் பொறித்திருந்தால் அது வாசிக்கும், எழுதாது. இயக்கி இல்லாத மடிக்கணனிக்கு யூ.எஸ்.பி. மூலம் இணைக்கும் வெளி இயக்கி வாங்கலாம். லினக்ஸில் அதற்கென்று பெரும்பாலும் தனி மென்பொருள் எதுவும் ஏற்றத் தேவையில்லை. முதல் இயக்கிக்கு எஸ்.ஆர்.0 என்றும் இரண்டாவதற்கு எஸ்.ஆர்.1 என்றும் கணனி பெயர் வைத்துக்கொள்ளும்.

வட்டு சுழலத் தொடங்கி நின்றுவிட்டால் மின்சாரம் போதாமை காரணமாக இருக்கலாம். இடையில் வேறு இணைப்புப் பெட்டி வைக்காமல் நேரடியாகக் கணனியில் செருகுங்கள். இரண்டு முனையுள்ள கம்பி இருந்தால் இரண்டையும் செருகுங்கள். இயக்கி தெரிகிறது, ஆனால் திறக்க அனுமதி இல்லை என்று கணனி சொன்னால், உங்கள் பயனர் பெயரை "சிடிரொம்" என்னும் குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும்.

பழைய கைநூல்களில் "ஸ்கசி பாவனை" ஏற்றும்படி நீண்ட விளக்கங்கள் இருக்கும். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்புக்குப் பின்னர் அந்தச் சிரமம் இல்லை. அப்பக்கங்களைத் தாண்டிச் செல்லுங்கள்.

வட்டுக்கு ஏற்ற முறை

எல்லா வட்டையும் ஒரே விதமாகப் பிரதி எடுக்க முடியாது.

படங்களும் கடிதங்களும் உள்ள தகவல் வட்டு: கே3பி என்ற மென்பொருளில் வட்டைப் பிரதி எடுக்கும் பகுதியைத் தெரிவுசெய்தால் போதும். கீறல் விழுந்த வட்டாயின் டிடிரெஸ்கியூ உதவும். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எடுத்த இடங்களைக் குறித்து வைப்பதால், மிச்சத்தை வேறொரு இயக்கியில் போட்டும் தொடரலாம்.

பாட்டு வட்டு: இதில் சாதாரண கோப்புகள் இல்லை. சிடிபரனோயா என்ற மென்பொருள் சந்தேகமான இடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சரிபார்த்து எடுக்கும்.

கலியாண விசிடி: எம்மவர் பலர் தடுமாறுவது இங்கேதான். வட்டைத் திறந்து, உள்ளே தெரியும் பெரிய கோப்பை இழுத்துப் போட்டால் லினக்ஸ் பிழை காட்டும். வட்டு பழுதாகிவிட்டது என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள்! 1993இல் வகுக்கப்பட்ட விசிடி முறையில் படம் வேறொரு விதமாகப் பதியப்படுகிறது. விசிடிஇமேஜர் தொகுதியில் உள்ள விசிடிஎக்ஸ்ரிப் அந்தப் படத்தை வெளியே எடுத்துத் தரும். வட்டை அப்படியே இன்னொரு வட்டாக்க சிடிஆர்டிஏஓ உண்டு.

எழுதும்போதும் பிறகும்

வாசிக்க முன்னர் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். புதிய வட்டு 700 மெகாபைட் அல்லது 80 நிமிடம் கொள்ளும். எழுதி முடிந்ததும் சரிபார்க்கும்படி கட்டளையிடுங்கள். பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் தகவற் படை இருக்கிறது. ஆகையால் குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதாதீர்கள்.

கடையில் வாங்கிய திரைப்படம், பாட்டு வட்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. அவற்றைப் பற்றி நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். நாம் இங்கே சொல்வது எங்கள் சொந்தக் குடும்பப் பதிவுகளைப் பற்றியே.

எடுத்ததை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டில் கணனியிலோ வன்தட்டிலோ இருக்கட்டும். மற்றதை வேறு நாட்டில் இருக்கும் அண்ணனுக்கோ மாமிக்கோ அனுப்பிவிடுங்கள். வட்டில் இருப்பவர்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த முகங்களை அடையாளம் காட்ட அந்தத் தாள்தான் உதவும்.