முப்புரிப் புரதம்

காலணிக்குப் பயன்படும் தோலும், தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாணும், எலும்பும் பார்வைக்கு வெவ்வேறு பொருள்களேயாயினும், மூன்றின் உறுதிக்கும் ஆதாரமாய் இருப்பது கொல்லாஜென் என்னும் ஒரே வகைப் புரதமாகும். பாலூட்டிகளின் உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இதுவே. எளிதில் அறாத வலிமை இதற்கு எங்ஙனம் வாய்த்தது என்னும் வினாவிற்குச் சென்னையிலே விடை காணப்பட்டது.

சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1952-ஆம் ஆண்டு பௌதிகப் பேராசிரியராய்ப் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, அவை சிதறிப் பதிந்த படங்களை ஆராய்ந்தனர். கொல்லாஜெனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது முன்னரே தெரிந்ததாகும். மூன்று சங்கிலிகள் கயிற்றின் புரிகளைப் போல் முறுக்கிக் கொள்ளுமாயின், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாய் வரும் அமிலம் உட்புறம் அமைதல் வேண்டும். அக்குறுகிய இடத்தில் அடங்கவல்லது அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசின் ஒன்றே. இவ்வமைப்பை 1954-இல் வெளியிட்ட அவர்கள், 1955-இல் அதனைத் திருத்தியமைத்தனர்.

ஆயினும், அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் இதற்கு மறுப்புக் கூறினர். முப்புரி என்னும் அடிப்படையை ஏற்ற அவர்கள், அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். ஒருவகையில் இம்மறுப்பு சரியே. ராமச்சந்திரன் கருதியவாறு மும்மூன்று அமிலங்களுக்கு இரண்டன்று, ஒரு ஹைட்ரஜன் பிணைப்பே உண்டென்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனால், அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் அடிப்படை வினாவை இம்மறுப்பே எழுப்பியது. ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் அதுகாறும் அறியப்பட்ட படிகங்களில் அணுக்களின் இடைவெளிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர்.

புரதச் சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பிலும், கதவு கீலில் திரும்புவது போல், திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டு உண்டு. அவ்விரு கோணங்களையும் ஒரு வரைபடத்தில் குறித்தால், அதன் பெரும்பகுதி அணுக்கள் மோதிக்கொள்ளும் இடமாய் விலக்கப்படுகிறது. எஞ்சிய சில பகுதிகளே இயலக்கூடியவை. 1963-இல் வெளிவந்த இவ்வரைபடம் ராமச்சந்திரன் வரைபடம் என உலகெங்கும் வழங்குகிறது. அவர் பின்னர் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையை நிறுவினார். 2024-ஆம் ஆண்டு இரசாயன நோபல் பரிசின் ஒரு பகுதி, கணிப்பொறியால் புரத அமைப்பை முன்னறியும் முறைக்கு வழங்கப்பட்டது. அவ்வாறு பெறும் அமைப்புகளையும் விஞ்ஞானிகள் இவ்வரைபடத்தைக் கொண்டே சோதிக்கின்றனர்.

இவ்வறிவின் பயன் ஆராய்ச்சிக் கூடத்தோடு நிற்பதன்று. ஒரே ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய அமிலம் ஒன்று புகுந்துவிடின் முப்புரி நெகிழ்ந்து, சிறு அடிக்கும் எலும்பு முறியும் பிறவி நோய் உண்டாகலாம். வைட்டமின் சி குறைந்தால் முப்புரியை நிலைநிறுத்தும் இரசாயன மாற்றம் தடைப்பட்டு, ஈறுகளில் குருதி கசிகிறது. எலும்பை நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் புரிகள் பிரிந்து ஜெலட்டின் ஆகின்றன. குரோமியம் உப்புகளால் பதனிட்ட தோலிலோ, புரதச் சங்கிலிகள் மேலும் பிணைக்கப்படுவதால் அது வெப்பத்தைத் தாங்குகிறது. நோயாளியின் எலும்பையும் பதனிட்ட தோலையும் ஒரே அமைப்பைக் கொண்டு நாம் இன்று விளங்கிக்கொள்ள முடிவது, சென்னையில் நிகழ்ந்த அவ்வாராய்ச்சியின் பயனாகும்.